கடிக்கிற குட்டியை எனக்கு ஏன் கொடுத்தாய், லூர்து?

அன்புள்ள லூர்து,

"என் லூர்து" என்றுதான் தொடங்க நினைத்தேன். ஜோதி படித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னைக் கூப்பிடுவதற்குக்கூட நான் அவளை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, பார்.

உன் வருஷப் பூசைக்கு உன் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார். "வசந்தா டீச்சர், நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். சரி என்றேன். அடுத்த மூச்சிலேயே, "ஜோதியும் ஒரு பக்கம் எழுதுது" என்றார். அப்படியென்றால் எனக்கு ஒரு பக்கம் எப்படிப் போதும்?

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீ அறந்தாங்கிப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை. நான் அங்கே முப்பது வருஷம் உன்னோடு இருந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஜோதி நமக்குப் பின்னால் வந்து சேர்ந்த விளையாட்டு டீச்சர். நம் இருவரையும் அக்கா என்பாள். பின்னால் வந்தவள் என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்கவும்.

நீ நோயில் படுத்தபோது நான் ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தேன். நீதான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாய். "போடி, புள்ள பெறப்போறவளுக்கு அம்மா பக்கத்துல வேணாமா? நான் எங்கிட்டுப் போயிரப்போறேன்" என்றாய். அங்கிருந்து போன் செய்யும்போதெல்லாம் உன் பேச்சில் ஒரே பெயர்தான். ஜோதி கஞ்சி கொண்டாந்தா. ஜோதி புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ஜோதி இருக்கா, நீ கவலப்படாத. எனக்குக் கவலையோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ போன முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணன் ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உன் நாய் செவலை போட்ட இரண்டு குட்டிகளும் அதற்குள் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. "வெள்ளை ஜோதிக்கு, கறுப்பு ஒங்களுக்கு. அவ சொல்லிட்டுப் போனபடிதான் குடுக்குறேன்" என்றார். ஜோதி தன் குட்டிக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தாள். பெயருக்கேற்ற மாதிரியே அது மடியில் போய்ச் சுருண்டுகொண்டது. என்னுடையதற்கு நான் மிளகு என்று வைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அதற்கும் பெயர் பொருந்திவிட்டது.

லூர்து, அது கடித்த கடி! கோபத்தில் கடிக்கவில்லை, பாவம். எல்லாம் விளையாட்டுத்தான். ஆனால் குண்டூசி மாதிரிப் பல். சேலை முந்தானையைப் பிடித்துத் தொங்கியது. கோலம் போடக் குனிந்தால் கையைக் கவ்வியது. நான் கையை வெடுக்கென்று இழுத்தால் அதற்கு இன்னும் கொண்டாட்டம். துரத்தி வந்து கவ்வும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடம் எடுத்தேன். நம் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிற பையன்களை எப்படி உட்காரவைத்துச் சொல்வேனோ அப்படியே குனிந்து, அதன் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன். "மிளகு, இங்க பாரு. பென்சிலைக் கடிச்சா பென்சிலுக்கு வலிக்காது. ரப்பரைக் கடிச்சா ரப்பருக்கு வலிக்காது. டீச்சரைக் கடிச்சா வலிக்கும். ஒன்னை ஒரு கட்டெறும்பு கடிச்சா நீ என்ன பண்ணுவே? குதிப்பேல்ல?" தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது. இந்த அளவுக்குக் கவனமாகப் பாடம் கேட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. பாடம் முடிந்ததும் மறுபடி கடித்தது.

ஒருநாள் ஜோதி பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழியில் ஸ்கூட்டியை என் வாசலில் நிறுத்தினாள். மிளகு ஓடிப்போய் அவள் கையைக் கவ்வியது. அவள் கையை இழுக்கவில்லை. "ஆ" என்று ஒரே ஒரு சத்தம். பிறகு அதன் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து கேட்டுக்கு வெளியே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். மிளகு கம்பிக்கு நடுவில் மூக்கை விட்டு முழித்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்தாள். மறுபடி கவ்வியது. மறுபடி வெளியே போனாள். அடுத்த தடவை அவள் வந்தபோது கடிக்கவில்லை. கையை நக்கியது.

"என்ன வசியம் வச்சே?" என்று கேட்டேன்.

"வசியமெல்லாம் இல்லக்கா. பல்லு பட்டா வெளையாட்டு நின்னு போகும். அது அதுக்குப் புரியணும், அம்புட்டுத்தான்."

"நானும் அதைத்தானே சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"நீங்க சொல்றதுதான் தப்பு. கடிச்ச ஒடனே நீங்க குனிஞ்சு அது மூஞ்சியப் பாத்துப் பேசுறீங்க. கடிச்சா டீச்சர் கதை சொல்லுமுன்னு அது நெனச்சுக்கிருச்சு. ஒங்க வகுப்புப் பையனா இருந்தா நானே கடிச்சிருப்பேன்."

சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு, "இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"லூர்தக்காதான். புதுக்கோட்டையிலேருந்து திரும்பி வரும்போது பஸ்ல பேசிக்கிட்டே வருவாங்க. செவலைய எப்படிப் பழக்குனாங்கன்னு ஒருநாள் பூராவும் சொன்னாங்க."

செவலை உன் வீட்டுக்கு வந்த அன்று அதற்குப் பால் வாங்கி வந்தவள் நான். அது கடிக்காத நாய் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீ பழக்கித்தான் கடிக்காமல் இருந்தது என்பதை ஜோதி சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பஸ்ஸில் இன்னும் என்னென்ன பேசினாய், லூர்து? ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தது யார்? உனக்குக் காற்று வேண்டும், அதனால் நீயாகத்தான் இருக்கும். தூக்கம் வந்தபோது உன் தலை எந்தப் பக்கம் சாய்ந்தது?

ஜோதி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் மிளகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். இடது கைய நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். மிளகு மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. "இப்ப வலது கை." லபக்கென்று கவ்வியது. என் விரல்களைப் பார்த்தேன். தழும்பெல்லாம் வலது கையில்தான் இருந்தன.

"இன்னிக்கு என்ன கொழம்பு?"

"சாளை. மீமிசல்லேருந்து மீன் வந்துச்சு."

"சாப்பிட்ட கையோட அதுக்கும் ஊட்டுனீங்களா?"

ஊட்டினேன். தினமும் ஊட்டினேன். பிள்ளைக்கு ஊட்டுவதுபோலச் சோற்றைப் பிசைந்து, முள் எடுத்து, கடைசி உருண்டையை அதன் வாயில் வைப்பேன். நம் வீடுகளில் பிள்ளை வளர்க்கிற முறையே அதுதானே. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் சாளை வாசம் விரலைவிட்டுப் போவதில்லை. சோறு எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று மூன்று மாதக் குட்டிக்கு எப்படித் தெரியும்?

"தட்டுல வைங்கக்கா. ஊட்டாதீங்க" என்றாள் ஜோதி. தலையாட்டினேன். அவள் ஸ்கூட்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் பழையபடி ஊட்டினேன். அவள் சொல்லி நான் நிறுத்துவதா என்ற எண்ணம்தான். ஒரு வேளை தட்டு, ஒரு வேளை கை. ஒரு தடவை எழுந்து போவேன், மறு தடவை பாடம் எடுப்பேன். ஒரே கணக்குக்குக் காலையில் ஒரு விடையும் மாலையில் ஒரு விடையும் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளைதான் தேறும்? மிளகு ஜோதியிடம் பஞ்சாக இருந்தது. என்னிடம் மிளகாகவே இருந்தது. அது எனக்கு இன்னும் எரிந்தது.

இந்த நிலையில் ஒருநாள் பல் ஆழமாக இறங்கி, ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். மகளிடம் மறைக்கத்தான் பார்த்தேன். வீடியோ காலில் விரலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அடுத்த மாசம் பிள்ளையைத் தூக்கிட்டு வர்றோம். தவழ ஆரம்பிச்சிட்டான். கடிக்கிற நாயை வச்சுக்கிட்டு எப்படிம்மா? அதுக்குள்ள கடியை நிறுத்து. இல்லேன்னா யார்கிட்டயாவது குடுத்துரு."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் யாரிடம் கொடுப்பது? உன் கையால், இல்லை, உன் வாய்ச்சொல்லால் எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். உன் சேலை ஒன்றைக்கூட நான் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஜோதி வந்தபோது காபி கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"எங்கிட்ட குடுங்கக்கா. பஞ்சுவும் அதுவும் ஒண்ணா வளரட்டும். நீங்க நெனச்சப்ப வந்து பாத்துக்கங்க."

நெனச்சப்ப வந்து பாத்துக்கங்க! உன்னைப் பார்க்கவும் கடைசியில் அப்படித்தானே வந்தேன், விருந்தாளி மாதிரி, ஒரு கவரில் ஆரஞ்சுப் பழத்தோடு. கதவைத் திறந்துவிட்டவள் ஜோதி. "அக்கா தூங்குறாங்க, கொஞ்ச நேரம் இருங்க" என்று என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னவள் ஜோதி. உன் வீட்டு நாற்காலி எது எங்கே கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்க" என்றேன். "அவளோட கடைசி நாளையும் எடுத்துக்கிட்டே. அவ பேச்சையும் எடுத்துக்கிட்டே. இப்ப நாய்க்குட்டியும் வேணுமா? கொஞ்ச நாள் கூட இருந்துட்டா ஒனக்கு மட்டும் அவ சொந்தமாயிருவாளா?"

ஜோதி எழுந்தாள். டம்ளரைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாள். ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நானும் மிளகும் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கம்பிக்கு நடுவில் மூக்கை விடாத குறைதான் எனக்கு.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சாயங்காலம் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நானும் எழுந்தேன், மிளகும் எழுந்தது. பேசிப் பேசி யாருக்கும் வலியைப் புரியவைக்க முடியாது என்பதும், பேச்சு நின்று போனால் உடனே புரிகிறது என்பதும், இத்தனை வயதுக்கு அப்புறம் எனக்குப் பாடமாக வந்தது. அந்த இரண்டு நாளும் நான் ஊட்டவில்லை. தட்டில்தான் வைத்தேன். மிளகு தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு தின்றது. என் தட்டுச் சோறுதான் மிஞ்சியது.

மூன்றாம் நாள் ஸ்கூட்டி வந்து நின்றது. ஜோதியின் கையில் பழைய நூல் சேலையைக் கிழித்துப் பின்னி, நடுநடுவே முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று இருந்தது.

"கைக்குப் பதிலா இதக் கடிக்கட்டும்" என்று நீட்டினாள்.

"வர மாட்டேன்னு நெனச்சேன்."

"எந்திரிச்சு வெளிய போனா திரும்பி வரணும்கா. அதையும் லூர்தக்கா சொல்லியிருக்காங்க. போனவுங்க வரலேன்னா குட்டிக்கு மெதுவா வெளையாட வராதாம். பயந்துக்கிட்டுக் கெடக்க மட்டும்தான் வருமாம்." பிறகு கயிற்றின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் மொதல்ல கறுப்பத்தான் கேட்டேன், தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"கண்ணு முழிச்ச நாள்லேருந்து நான்தான் ரெண்டையும் பாத்துக்கிட்டேன். கறுப்பு மேல ஆசையாப் போச்சு. அக்காட்ட கேட்டேன். 'அது வசந்தாவுக்குடி. கடிக்கிறது எதுவா இருந்தாலும் அவகிட்டதான் போகணும். ஒனக்கு வெள்ளை போதும்'னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? கஞ்சி வச்சது நானு. பஸ்ல மடியில படுக்கவச்சுக் கூட்டியாந்தது நானு. ஆனா நல்ல குட்டி ஒங்களுக்கு."

"நல்ல குட்டியா? இதுவா?"

"கடிக்கிற குட்டிதான்கா நல்ல குட்டி. வெளையாட்டு டீச்சருக்குத் தெரியாதா? அன்னிக்கு பூரா நான் அக்காட்ட பேசல. மொகத்தத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவுங்களுக்கு முடியல, அப்பக்கூடப் பேசல."

மடி என்ற சொல்லில் எனக்கு ஒரு கடி விழுந்தது, லூர்து, மறைக்க மாட்டேன். தலை எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் ஜோதிக்கு என்மேல் பொறாமை! உன் பக்கத்திலேயே இருந்தவளுக்கு, ஊரில் இல்லாத என்மேல் பொறாமை! வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகப் பசித்தது. அவளையும் உட்காரவைத்துச் சோறு போட்டேன். சாளைக் குழம்புதான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நீ பிள்ளைகளை வகுப்புக்குப் பிரிப்பாய், ஞாபகம் இருக்கிறதா? அடிக்கிறது, கிள்ளுகிறது, சுவரேறிக் குதிக்கிறது எல்லாம் வரிசையாக என் வகுப்புக்கு வரும். சாதுவாக இருக்கிற பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பின் இன்னொரு பிரிவுக்குப் போகும். வருஷா வருஷம் உன்னோடு சண்டை போட்டேன். "ஏன் எனக்கே குடுக்குறே?" என்று கேட்டால், "வேற யாருட்டடி குடுக்க?" என்பாய். என்னைச் சுமை தூக்க வைக்கிறாய் என்றே நினைத்தேன். அந்தச் சுமையே தனக்கு வேண்டுமென்று இன்னொருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது உன் அன்பா, இல்லை, தலைமை ஆசிரியையின் சாமர்த்தியமா? நீ இருந்தால் இரண்டும்தான் என்று சொல்லிச் சிரிப்பாய்.

அதற்குப் பிறகு இரண்டு பேருமாகப் பழக்கினோம். பல் பட்டால் ஒரு சத்தம், உடனே எழுந்து போவது. போன சூட்டோடு திரும்பி வருவது. வந்ததும் கையை நீட்டாமல் கயிற்றை நீட்டுவது. ரொம்ப ஆடிக் களைத்துவிட்டால் கடி அதிகமாகும், அப்போது விளையாட்டை விட்டுத் தூங்கவைப்பது. யார் வந்தாலும் இதே விதிதான். அந்தோணி அண்ணன் மட்டும், "சின்னக் குட்டிதானே, கடிச்சா கடிச்சுட்டுப் போகட்டும்" என்று கையைக் கொடுத்தார். அவரையும் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தோம்.

கஷ்டப்பட்டது மிளகு இல்லை, நான்தான். வாயை மூடிக்கொண்டு எழுந்து போவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சொல்ல வந்த உதாரணங்களையெல்லாம் விழுங்குவேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கடி, கவ்வலாயிற்று. கவ்வல், உதட்டால் தொடுவதாயிற்று.

மகள் வந்தாள். முதல் நாள் பேரனை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. மறுநாள் நான் அவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் பக்கத்திலேயே நின்றாள். மிளகு வந்து மோந்தது. அவன் அதன் காதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். மிளகு அவன் கையை வாயில் வாங்கியது. அப்படியே ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தது. பிறகு கையை விட்டுவிட்டு, ஓடிப்போய்ச் சேலைக் கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டது. பேரன் கையில் எச்சில் மட்டும்தான் இருந்தது. மகள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு, "இருக்கட்டும்மா" என்றாள். அந்த ஒரு சொல்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்று என்னைக் கடித்தது பேரன்தான். புதிதாக முளைத்த இரண்டு பல்லால் என் விரலைப் பதம் பார்த்தான். நான் பழக்கதோஷத்தில் "ஆ" என்று சொல்லிவிட்டு எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அம்மா, இவன் நாயில்லம்மா" என்று மகள் கத்தினாள். பேரனைப் பார்க்க வந்திருந்த ஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உனக்குக் கேட்டிருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடித்திருக்கலாம். ஒன்று மட்டும் ஆறமாட்டேன் என்கிறது. நீயும் விளையாட்டின் நடுவில்தான் எழுந்து போனாய், லூர்து. ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை. எந்த இடத்தில் என் பல் பட்டது உனக்கு? போனவர்கள் திரும்பி வர வேண்டும் என்று ஜோதிக்கு விதி சொல்லிக்கொடுத்தாயே, அந்த விதி உனக்கு இல்லையா? இப்போதும் சாயங்காலத்தில் கேட் சத்தம் கேட்டால் மிளகு ஓடும். நானும் எட்டிப் பார்ப்பேன். வருவது ஜோதி. முன்பெல்லாம், நீயில்லையே என்று அவள்மேல் கோபம் வரும். இப்போது, அவளாவது வந்தாளே என்று இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மிளகை யாருக்கும் கொடுக்க மாட்டேன், ஜோதிக்கும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து அவள் பஞ்சுவைக் கொண்டுவருவாள், இரண்டையும் ஒன்றாக விடுவேன். அந்தப் பஸ்ஸில் நீ பேசியதையெல்லாம் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அவளுக்குத் தெரியாத நம் பழைய கதைகளை நான் சொல்வேன். எல்லாவற்றையும் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்றை எனக்கென்று வைத்துக்கொள்வேன். அதற்கு நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஜோதிக்கு முன்னாலிருந்தே உன் தங்கச்சியாகிய,
வசந்தா